சக்காரிஸ் மேல் கட்டிய பாட்டு

டென்மார்க்கிலிருந்து எங்கள் தீவுகளுக்குப் புதிதாக வந்த பாதிரியார் என் அப்பாவிடம் ஒருமுறை கேட்டார். "தாட்டுர், தாட்டுர்னு எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசறீங்களே, அப்படின்னா என்ன?" அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாட்டு," என்றார். பாதிரியார் அதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார்.

பாட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டுக்கு யாராவது பயப்படுவார்களா? எங்களில் ஒருவர் ஊர் சிரிக்கும்படி எதையாவது செய்துவிட்டால், அந்தக் குளிர்காலத்தில் அவர் மேல் பாட்டுக் கட்டுவார்கள். கட்டியது யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நோன்பு தொடங்குவதற்கு முந்தின திங்கட்கிழமை ஊரே கைகோத்து வட்டமாக ஆடும்போது, அந்த ஆளை இரண்டு பலசாலிகள் ஆளுக்கொரு கையாகப் பிடித்து வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வார்கள். இருபது செய்யுளோ நாற்பதோ, முடிகிறவரை அவரும் ஆட வேண்டும். தன் மானம் போவதற்குத் தானே தாளம் தட்ட வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் தாட்டுர்.

"அவனுக்குத் தாட்டுர் ஆயிடுச்சு" என்றால், பாவம், இனி அவன் நிமிர மாட்டான் என்று பொருள். "உன் மேல ஒண்ணு கட்டினாத்தான் அடங்குவே" என்று பெண்டாட்டிகள் புருஷன்களை மிரட்டுவார்கள். ஆள் செத்தாலும் பாட்டு சாகாது. மூடுபனியில் தன் கிடா என்று நினைத்துப் பாதிரியார் வீட்டு நாயைக் கயிற்றில் கட்டி மூன்று மைல் இழுத்து வந்த மனிதரை எங்களில் பாதிப்பேர் கண்ணால் பார்த்ததில்லை. அவர் நல்லவரா, கெட்டவரா, யாருக்கும் தெரியாது. நாய் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சொல்லை நானும் ஒருவர் மேல் எறிந்திருக்கிறேன். தவறிப்போய் அல்ல, குறிபார்த்துத்தான் எறிந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தந்தி, தொலைபேசி எதுவும் எங்கள் பக்கம் வராத காலம். அக்டோபரில் எனக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹாக்குன், எதிர்த்தீவுக்காரன், ஐஸ்லாந்துக் கடலில் மீன் பிடிக்கப் போய் வருகிறவன். அழகன். அழகன் என்பது அவனுக்கும் தெரியும், அதை அப்போது நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. பாதிரியார் எங்கள் ஊருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார், ஆகையால் நாளை மாற்ற முடியாது. ஏழு ஆடு அறுத்தாகிவிட்டது. நான் வெல்வெட் உடுப்பும் வெள்ளி இடுப்புப்பட்டையுமாகச் சர்ச்சின் முன்பக்கத்தில் நின்றேன். உட்கார்ந்தால் கசங்கும் என்று பெண்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளை படகு வருகிறதா என்று பார்க்க முனையில் ஓர் ஆள் நிற்க வேண்டும். படகு கண்ணில் பட்டதும் துப்பாக்கியால் ஒரு வெடி. அதைக் கேட்டு ஊரே கரைக்குப் போய் மாப்பிள்ளையை அழைத்து வரும். அந்த வேலையைச் சக்காரிஸிடம் கொடுத்திருந்தார்கள். யாருக்கும் வேண்டாத வேலை எல்லாம் கடைசியில் சக்காரிஸிடம்தான் போய்ச் சேரும். முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை, ஊரின் மேட்டு ஓரத்தில் வீடு. அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுப்பில் காபி வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பதினொரு மணிக்கு வர வேண்டிய படகு. பன்னிரண்டு ஆனது. வெடிச் சத்தம் இல்லை. பெஞ்சுகளில் இருமல் கூடிக்கொண்டே போனது. பாதிரியார் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "எதிர்க்காத்தா இருக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். வெளியே காற்றே இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். என் முதுகில் எத்தனை கண்கள் இருந்தன என்று என்னால் எண்ணிச் சொல்லியிருக்க முடியும். பட்டை இடுப்பை இறுக்கியது. விழுந்துவிடக் கூடாது, விழுந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் கேட்டது.

"கிரிண்ட்! கிரிண்ட்!"

கருந்திமிங்கலக் கூட்டத்தைக் கண்டவன் கத்துகிற சொல் அது. அதைக் கேட்டபிறகு எங்கள் ஊரில் எவரும் கையில் இருக்கும் வேலையை முடிப்பதில்லை. சவப்பெட்டியைக் குழியோரம் இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள், செத்தவருக்கும் அது புரியும் என்று. ஊருக்கே குளிர்காலம் முழுவதற்குமான இறைச்சி, விடுவார்களா? ஒரு நிமிஷத்தில் சர்ச் காலியானது. பாதிரியார் அங்கியைக் கழற்றிப் பெஞ்சில் வீசிவிட்டு மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடினார். என் அப்பாவும் ஓடினார். நான் மட்டும் நின்றேன். பிறகு, யாரும் இல்லாததால், உட்கார்ந்தேன்.

ஆண்கள் ஆறு மணி நேரம் துடுப்புப் போட்டார்கள். முனையைத் தாண்டி, பறவைப் பாறையைத் தாண்டி, அடுத்த ஊர்க் கடல் வரை போய்த் தேடினார்கள். ஒரு வால்கூட இல்லை. முனைக்கு வெளியே தண்ணீருக்குள் ஒரு பாறை உண்டு, அலை அதில் உடைந்து வெள்ளையாகச் சிதறும். நாங்கள் பிறந்த நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறார் என்று முடிவானது.

படகுகள் கரைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். தும்மாஸ், எட்டுத் துடுப்புப் படகின் தலைவர், ஆட்டத்தில் முதல் குரலும் அவருடையதுதான், இடுப்புவரை நனைந்து இறங்கிவந்து சக்காரிஸின் முன்னால் நின்றார்.

"எங்கடா திமிங்கலம்?"

"இருந்த மாதிரி இருந்திச்சு."

"இருந்த மாதிரி. சரி. கண்ணு இருக்கா?"

"இருக்கு."

"அதுவும் இருக்கிற மாதிரிதான் இருக்கு. கண்டவனுக்கு முதல் திமிங்கலம்னு பங்கு உண்டில்ல, அந்த ஆசையில உப்புத்தண்ணியெல்லாம் உனக்குத் திமிங்கலமாத் தெரிஞ்சிருக்கு. உங்கப்பனுக்குத் தப்பாமத்தான் பொறந்திருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நாயை இழுத்து வந்தவர் சக்காரிஸின் அப்பா. சக்காரிஸ் தொப்பியைக் கையில் எடுத்து, அதைச் சரியாக மடிப்பது பெரிய வேலை என்பதுபோல மடித்துக்கொண்டிருந்தார்.

நனைந்து பசித்து வந்த ஆண்கள் என் கல்யாண விருந்தைத் தின்று தீர்த்தார்கள். அப்பா என்னைத் தனியே அழைத்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஹாக்குன் முனை வரைக்கும் வந்தானாம்மா. கரையில வரவேற்க ஒரு ஆளில்ல, ஊரே கடல்ல கெடக்கு. அவமானமா நெனச்சுத் திரும்பிட்டானாம். அவன் சித்தப்பா ஹைனி சொல்லிட்டுப் போனார்." ஒரு வாரத்தில் ஹாக்குன் ஐஸ்லாந்துக் கப்பலில் போய்விட்டான் என்ற செய்தி வந்தது. பிறகு கடல் கெட்டு, எதிர்த்தீவுக்கும் எங்களுக்கும் படகுப் போக்குவரத்து நின்றது.

ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. சக்காரிஸ் ஒரு பாறையைப் பார்த்துக் கத்தி ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டான். என்னைப் பார்த்தால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு சக்காரிஸைத் திட்டுவார்கள். எனக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேண்டாம் என்று விடப்பட்டவளாக இருப்பதைவிட, முட்டாள் ஒருவனால் கெடுக்கப்பட்டவளாக இருப்பது நூறு மடங்கு மேல். ஆனால் கோபம் பொய்யில்லை. ஹாக்குன் மேல் வர வேண்டிய கோபம் வர வழியில்லாமல், எல்லாம் மேட்டு ஓரத்து வீட்டை நோக்கித் திரும்பியது.

மீன் உலர்த்தும் களத்தில் என் நாக்குக்குப் பெயர் உண்டு. மேஸ்திரியைப் பற்றி நான் கட்டிய நாலு வரியைக் கேட்டு அவரே சிரித்திருக்கிறார், இரண்டு நாள் கழித்து. அந்தக் குளிர்காலம் கம்பளி பின்னிக்கொண்டே சக்காரிஸ் மேல் பாட்டுக் கட்டினேன். ஊசிகளின் சத்தமே தாளம். இருபத்திரண்டு செய்யுள். தொடக்கம் இது:

முனையில் நின்ற காவல் காரன்
மூக்கின் முன்னே திமிங்கலம்,
அலைகள் உடையும் பாறை கண்டு
அலறி விட்டான் கிரிண்டென்று.

இதற்குமேல் மோசமானவை உண்டு, எழுத மாட்டேன். ஒரு வீட்டில் பாடிக் காட்டினேன், அங்கிருந்து அது தானாக நடந்து போனது. ஜனவரிக்குள் ஊரே முணுமுணுத்தது. எனக்கு அந்தத் திங்கட்கிழமை எப்போது வரும் என்றிருந்தது.

முந்தின நாள், ஞாயிறு மதியம், கடல் பல நாள் கழித்துத் தட்டையாகக் கிடந்தது. ஹைனி மாமா பசுவுக்கு வைக்கோல் கேட்டுப் படகில் வந்தார். அப்பா வைக்கோலைக் கட்டப் போயிருந்தார். நான் மாமாவுக்குக் காபியும், காற்றில் காய்ந்த ஆட்டிறைச்சியும் வைத்தேன். அவரோடு எனக்குப் பகை இல்லை. அண்ணன் மகன் கோபக்காரன் என்றால் சித்தப்பன் என்ன செய்வார்?

"நாளைக்கு ஆட்டத்துக்கு இருந்துட்டுப் போங்க மாமா. புதுசா ஒண்ணு இருக்கு," என்று சொல்லி, காலால் தரையில் தாளம் தட்டி ஐந்து செய்யுள் பாடினேன். நன்றாகவே பாடினேன்.

அவர் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது யாரு கட்டினது?"

"யாரோ கட்டினாங்க."

"மார்யுன், உங்கப்பா உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

மாமா கதவைப் பார்த்தார். அப்பா வர மாட்டாரா என்று பார்த்தது போல இருந்தது. பிறகு மேசையைப் பார்த்துப் பேசினார்.

"ஹாக்குன் முனைக்கு வரலைம்மா. எந்த முனைக்கும் வரல. கல்யாணத்துக்கு முந்தின நாளே கப்பல் ஏறிட்டான். எங்களுக்கே காலையிலதான் தெரியும். அதைச் சொல்லத்தான் நானும் ரெண்டு பேரும் படகெடுத்துட்டு வந்தோம். முனையில சக்காரிஸ் துப்பாக்கியோட நின்னான். நான் படகுல இருந்தே கையை வாயில வெச்சுக் கத்தினேன், மாப்பிள்ளை வரலப்பா, ஓடிட்டான், நீ போயிப் பொண்ணோட அப்பன்கிட்ட மெதுவாச் சொல்லுன்னு. அவன் கொஞ்ச நேரம் நின்னான். பொண்ணு எங்கேன்னு கேட்டேன். சர்ச்சுல, எல்லார் முன்னாலயும் நிக்குதுன்னான். அப்புறம் துப்பாக்கியைக் கல்லு மேல வெச்சுட்டு, நீங்க திரும்பிப் போயி முனைக்கு அந்தப் பக்கம் பாறை மறைவுல இருங்கன்னு சொல்லிட்டு, மேட்டுல ஏறி ஓடினான். ஓடிக்கிட்டே என்ன கத்தினான்னு உனக்குத் தெரியும்."

நான் பாதி பின்னிய காலுறையைக் கையில் எடுத்தேன்.

"சாயங்காலம் உங்கப்பாவும் அவனும் நானும்தான் பேசினோம். என் மேல பழியைப் போடுங்க, நான் கத்தினதாலதான் மாப்பிள்ளை திரும்பிட்டான்னு சொல்லிடுங்கன்னு அவனேதான் சொன்னான். உங்கப்பா அழுதுட்டாரும்மா. உனக்காவது அப்புறம் சொல்லுவார்னு நெனச்சேன்."

வாழ்க்கையில் அதுவரை எனக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது. சர்ச்சில் நின்றபோது வந்தது வெறும் பயம். காலுறையைப் போட்டுவிட்டு மேட்டு வீட்டுக்கு நடந்தேன்.

சக்காரிஸ் வீட்டுக்குப் பக்கத்தில் காற்று நுழையும்படி பலகை அடித்த கொட்டகையில் இறைச்சித் தொடைகளைத் திருப்பித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்தார்.

"ஹைனி மாமா வந்திருக்கார்," என்றேன்.

"ஆமா. படகு பார்த்தேன்."

"எல்லாம் சொல்லிட்டார்."

அவர் ஒரு தொடையைக் கொக்கியில் மாட்டினார். சரியாக மாட்டவில்லை, மறுபடி மாட்டினார். "சொல்லியிருக்க வேண்டாம்," என்றார்.

"ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"நீ நின்னுக்கிட்டிருந்தே."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான் பதில். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இப்படி ஒருவர் இருக்கலாமா, இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கலாமா?

"பாட்டு நான்தான் கட்டினேன்."

"தெரியும்."

"கேட்டிருக்கீங்களா?"

"இருபத்திரண்டும். நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "பதினோராவதுல ரெண்டாவது வரி நொண்டுது. அங்க கால் சீக்கிரமா இறங்கிடும். ஒரு வார்த்தை கூடுதலா வேணும்."

நான் கொட்டகையின் பலகையைப் பிடித்துக்கொண்டேன். "சக்காரிஸ், நாளைக்கு வராதீங்க. உடம்பு சரியில்லைன்னு படுத்துக்கங்க."

"தும்மாஸும் மிக்யாலும் வந்து தூக்கிட்டுப் போவாங்க. அது இன்னும் கேவலம். நானே நடந்து வந்துடறேன்."

"அப்ப நான் உண்மையைச் சொல்லிடறேன். எல்லார் முன்னாலயும்."

இதற்குத்தான் அவர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "நீ சொன்னா, அன்னிக்கு நான் கத்தினது வீணாப் போகும். அப்புறம் அந்தப் பாட்டு உன் மேல திரும்பும். மாப்பிள்ளை விட்டுட்டுப் போன பொண்ணுன்னு, இடுப்புப்பட்டையோட சர்ச்சுல நின்னவள்னு. அதுக்கு எப்படிப்பட்ட வரியெல்லாம் கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். எங்கப்பா அந்த ஆட்டத்துக்கப்புறம் பதினாலு வருஷம் உயிரோட இருந்தார். கரைப் பக்கம் ஒருநாள் இறங்கல. மீன் வாங்கிட்டு வர நான்தான் போவேன், ஆறு வயசுல. போற வழியெல்லாம் நாய் மாதிரி குரைப்பாங்க. எனக்குப் பழகிடுச்சு மார்யுன். உனக்குப் பழக வேண்டாம்."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பேசி முடித்ததும் களைத்தவர் போலத் திரும்பி இறைச்சியைப் பார்த்தார். நான் இறங்கி வந்தேன். அன்று அப்பாவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் மறுபடி அழுவார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தும்மாஸ் வீட்டுப் பெரிய அறையில் ஆட்டம் தொடங்கியது. மேசை பெஞ்சு எல்லாவற்றையும் வெளியே தள்ளியிருந்தார்கள். எங்கள் ஆட்டத்துக்கு மேளம், பிடில் எதுவும் கிடையாது. கையும் குரலும் காலும்தான். இரண்டடி இடப்பக்கம், ஓரடி பின்னால். எழுபது பேர் சேர்ந்து மிதித்தால் வீடே மூச்சு விடுவது போல இருக்கும். பழைய ராஜா கதைகள் இரண்டைப் பாடி முடித்தார்கள். பிறகு ஒரு சிரிப்பு அறையைச் சுற்றி வந்தது.

சக்காரிஸ் கதவோரம் நின்றிருந்தார். தலையை வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். தும்மாஸ் போய் அவருடைய வலது கையைப் பிடித்தார். இடது கையைப் பிடிக்க மிக்யால் வந்தான், கன்றுக்குட்டி தூக்கிப் பந்தயம் கட்டுகிறவன். நான் முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு. நான் பிடிக்கிறேன்."

"நீயா? பிச்சுக்கிட்டு ஓடிட்டா?"

"என்கிட்டேருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாதிக்கப்பட்டவள் தானே பிடித்துக்கொள்கிறாள், இதைவிட நல்ல வேடிக்கை எது என்று அவர்களுக்கு. மிக்யால் தலைகுனிந்து வழிவிட்டான். சக்காரிஸின் கை குளிர்ந்து, சொரசொரப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

தும்மாஸ் தொடங்கினார். முனையில் நின்ற காவல் காரன். வட்டம் நகர்ந்தது. நான் கட்டிய ஒவ்வொரு வரியும் எழுபது வாயிலிருந்து வந்து என் மேலேயே விழுந்தது. எந்த வரியில் சிரிப்பார்கள் என்று கணக்கிட்டு வைத்திருந்தேனோ அங்கெல்லாம் சரியாகச் சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் அந்தக் கை என் கைக்குள் கொஞ்சம் இறுகி, கொஞ்சம் தளர்ந்தது. அவருடைய கால்கள் தப்பவில்லை. பதினோராவது வந்தபோது நான்தான் தடுமாறினேன்.

இருபத்திரண்டு முடியும்போது நான் தயாராக இருந்தேன். தாட்டுரில் யார் வேண்டுமானாலும் கடைசியில் ஒரு செய்யுள் சேர்க்கலாம். விடிந்ததிலிருந்து அதைத்தான் மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்துக் குரலை உயர்த்தினேன்.

வெள்ளிப் பட்டை கட்டி நின்ற
பெண்ணைத் தேடி எவன்வந்தான்...

அதற்குமேல் என் குரல் கேட்கவில்லை. என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பி என்னுடையதை மூடியது. முனையில் நின்ற காவல் காரன், மூக்கின் முன்னே திமிங்கலம். சக்காரிஸ் பாடினார். தன் மேல் கட்டிய பாட்டைத் தானே முதலிலிருந்து, முழுத் தொண்டையில். பாட்டுக்கு ஆளானவர் தானே பாடி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. சிரிப்பு நின்றது. கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் மட்டும் தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார், முகமெல்லாம் வேர்வையோடு, நான் வாயைத் திறந்துவிடக் கூடாது என்று.

இரண்டாவது முறையாக அவர் எனக்காகக் கத்துகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. செய்யுள் எல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பேசினேன்.

"நிறுத்துங்க சக்காரிஸ். போதும்."

அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"ஹாக்குன் வரவே இல்ல," என்றேன். "முனைக்கும் வரல, படகிலயும் ஏறல. முந்தின நாளே ஓடிட்டான். என்னை வேண்டாம்னு போயிட்டான். அது இவருக்கு முன்னாலயே தெரிஞ்சுபோச்சு. நான் உங்க எல்லார் முன்னாலயும் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க எல்லாரும் என் முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னுதான் கிரிண்டுன்னு கத்தினார். அந்தப் பாறை அங்க இருக்குன்னு இவருக்குத் தெரியாதா? பாட்டுக் கட்டணும்னா என் மேல கட்டுங்க."

எதிர்ப்பக்கத்தில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த நொடியிலும் முதல் சிரிப்பு எழும், பிறகு சாகும்வரை அது என் பின்னால் வரும் என்று காத்திருந்தேன்.

சக்காரிஸின் அந்தப் பக்கத்துக் கையைத் தும்மாஸ் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். பெரிய உடம்பு, சிவந்த முகம், ஏதோ கணக்குத் தப்பிப்போனவர் போல நின்றார்.

"ஆறு மணி நேரம் துடுப்புப் போட்டோம்டா," என்றார் சக்காரிஸிடம். "கையெல்லாம் தோல் உரிஞ்சிச்சு."

"தெரியும்," என்றார் சக்காரிஸ்.

"ஒரு வார்த்தை என் காதுல சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல நேரமில்ல."

தும்மாஸ் தலையை ஆட்டினார். என்னைப் பார்க்கவில்லை, பார்ப்பதைத் தவிர்த்தார், அதுகூட ஒரு மரியாதைதான் என்று பிறகு புரிந்தது.

"சொல்லியிருந்தா," என்றார், "இன்னும் தூரமாத் துடுப்புப் போட்டிருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. என் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் மூக்கை உறிஞ்சினாள். தும்மாஸ் பழைய கதை ஒன்றை எடுத்தார், ராஜாவும் கப்பலும் வருகிற நீளமான கதை, எண்பது செய்யுளுக்குக் குறையாது. இரண்டடி இடப்பக்கம், ஓரடி பின்னால். தாட்டுர் முடிந்தால் பிடித்தவர்கள் கையை விட்டுவிட வேண்டும். தும்மாஸ் விட்டார், விட்டுவிட்டு ஆட்டத்துக்காக மறுபடி பிடித்தார். என் பக்கத்தில் நான் விடவே இல்லை, அதனால் மறுபடி பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ராஜாவின் கப்பல் கரை சேர்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.